வெங்கச்சாங்கல்லும் வைண்டிங் கம்பியும்

கல் பொறுக்கப் போவதென்றால் மழை பெய்து ஓய்ந்து, ஒரு வெயிலாவது அடித்திருக்க வேண்டும். மழை மேல்மண்ணைக் கழுவிவிட்டிருக்கும், சேறும் காய்ந்திருக்கும். உச்சி வெயிலில் போனால் எல்லாக் கல்லும் ஒரே வெள்ளையாகத்தான் தெரியும். காலையிலோ சாயங்காலமோ வெயில் சாய்ந்து விழும்போது பட்டை உள்ள கல் தானாகக் கண்ணில் குத்தும். தேங்காய்க் களத்தில் கணக்கு எழுதும் எனக்கு ஞாயிற்றுக்கிழமை காலைதான் வாய்க்கும்.

எங்கள் காங்கேயம் பக்கத்துப் பூமி இதற்கென்றே அமைந்தது. கிளுவை வேலி, கொழுக்கட்டைப்புல், அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்வேல மரம் என்று கொரங்காடுகள், அதாவது மேய்ச்சல் நிலங்கள், கிடக்கும். மண் ஆழமில்லை, கொஞ்சம் கீழே போனாலே பாறை. விவசாயத்துக்கு அது சாபம். எனக்கு அதுதான் வசதி. பாறைப் பிளவுகளில் நீர்ச்சத்தோடு புகுந்த உருகிய குழம்பு உறைந்து பெரிது பெரிதாகப் படிகம் கட்டியிருக்கிறது. பெக்மடைட் என்பார்கள். வெங்கச்சாங்கல், அதாவது வெள்ளைக் குவார்ட்ஸ், காலில் இடறும். ஊதா நிறச் செவ்வந்திக்கல்லும் சந்திரகாந்தமும் தேடினால் கிடைக்கும். நீலப்பச்சை அக்வாமரின் கிடைத்தால் அன்றைக்குச் சோறு இறங்காது.

அந்த அக்வாமரினுக்கு இங்கே பெரிய கதை உண்டு. திருப்பூர் சாலையில் இருக்கும் படியூரில் 1819–20ல் ஹீத் என்ற வெள்ளைக்காரர் சுரங்கம் தோண்டி 2,196 கற்கள் எடுத்தார். அன்றைய மதிப்பு 1,201 பவுண்டு. அதற்கும் முன்னால், முதலாம் நூற்றாண்டு ரோமானியர் பிளினி, நல்ல பெரில் (அக்வாமரினும் அந்த வகைதான்) இந்தியாவில்தான் விளைகிறது, அங்கே நீளமான கற்களைத் துளைத்து யானை முடியில் கோத்துக்கொள்கிறார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார். தங்கமே தேவையில்லை என்று நம்மவர்கள் நினைத்தார்களாம். இன்றைக்கு அதை எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தில் சொல்லிப் பாருங்கள்.

கொரங்காட்டுக்காரரிடம் கேட்காமல் கடவைத் தாண்டுவதில்லை. மண்வெட்டியும் கொண்டுபோவதில்லை, தோண்டினால் அது கனிம இலாகா விவகாரம். மேலே கிடப்பதை மட்டும், அதுவும் ஒரு மஞ்சள் பை அளவுக்கு. ஒருமுறை எருமைக்குத் தண்ணீர் காட்ட வந்த பெரியவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"என்னம்மணி, காசு கீது தொலைச்சுட்டீங்களா?"

"இல்லீங் மாமா, கல்லு பொறுக்கறனுங்க."

"கல்லா! எங்க காட்டுல அதொண்ணுக்குத்தான் பஞ்சமில்ல. லோடே அடிச்சுக்கங்க."

வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் தண்ணீரில் போடுவேன். ஈரத்தில் பார்த்தால் சாலை ஜல்லிகூட ரத்தினம்தான். கல்லின் மேல்தோல் சொரசொரப்பாக இருப்பதால் வெளிச்சம் சிதறி மங்கலாகத் தெரிகிறது. தண்ணீர் அந்தப் பள்ளங்களை நிரப்பிவிடுவதால் உள்நிறம் வெளியே வருகிறது. மெருகேற்றினால் என்ன நிறம் வரும் என்பதற்கு அதுவே முன்னோட்டம். ஆனால் மேல் விரிசலையும் தண்ணீர் மறைத்துவிடும். அதனால் காயவைத்து, கல்லுக்குப் பின்னால் விளக்கைப் பிடித்து மறுபடி பார்க்க வேண்டும். பேனாக்கத்தியால் கீறினால் வெங்கச்சாங்கல்லில் கோடு விழாது. கத்திதான் தேயும். கோடு விழுந்தால் பெரும்பாலும் சுண்ணாம்புக்கல். எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைத்துக் காட்டிக்கொடுத்துவிடும். பையில் முக்கால்வாசி கிளுவை வேலி ஓரத்துக்கே திரும்பிப் போகும்.

மெருகேற்ற மெஷின் எதுவும் வேண்டாம். பெயின்ட் கடையில் விற்கும் வாட்டர் பேப்பர் போதும். 220ஆம் நம்பர் தாளில் தொடங்கி 400, 600, 1000, 2000 என்று ஏற வேண்டும். கடைசியில் தோல் துண்டில் சீரியம் ஆக்சைடு பொடியைக் குழைத்துத் தேய்க்க வேண்டும். முந்தின தாளின் கீறல் மொத்தமும் போகாமல் அடுத்த தாளுக்குத் தாவினால் கடைசியில் எல்லாம் வெளியே வந்து சிரிக்கும். எப்போதும் ஈரத்தில்தான் தேய்க்க வேண்டும். காய்ந்த கல்தூள் நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. இதில் மட்டும் நான் யாரோடும் பேரம் பேசுவதில்லை.

சந்திரகாந்தத்தை என் கையால் தேய்ப்பதில்லை. அதைக் கல் பட்டை தீட்டும் பட்டறை அண்ணனிடம் கொடுத்துவிடுவேன். அதன் அழகே மேலே மிதக்கும் அந்த நீல வெள்ளை ஒளிதான். உள்ளே இரண்டு வகைக் கனிமம் மெல்லிய அடுக்குகளாக மாறி மாறிப் படிந்திருப்பதால் வருவது. வெட்டும்போது அடிப்பாகம் அந்த அடுக்குக்கு இணையாக அமைய வேண்டும். அண்ணன் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு ஒரே ஒரு பல்புக்குக் கீழே கல்லைத் திருப்பிக்கொண்டே இருப்பார். ஒளி ஒரு முகத்தில் வந்து நின்றதும் பென்சிலால் ஒரு கோடு. பிறகு அரக்கைச் சூடாக்கிக் குச்சி நுனியில் கல்லை ஒட்டி, தண்ணீர் சொட்டும் சக்கரத்தில் வைத்து மணிக்கட்டை உருட்டுவார். "ஒளி நடுவுல வந்து உக்காரணுமுங்க அம்மணி. ஓரத்துல ஓடுச்சுன்னா கல்லு செத்துப்போச்சு" என்பார். நல்ல பெரிய கல் ஒன்றை அரைவாசிக்கும் மேல் தேய்த்து எறிந்துவிட்டு சுண்டைக்காய் அளவில் திருப்பித் தருவார். முதலில் எனக்கு வயிறு எரியும். மல்லாத்திப் பிடித்துப் பார்த்தால் பேச்சு வராது.

அதற்கு வெள்ளிதான் பொருத்தம். ஆசாரியிடம் சொல்லிக் கல்லைச் சுற்றி மெல்லிய வெள்ளித் தகடு வளைத்து, அடியில் கறுப்பேற்றி உட்கார வைத்தால் ஒளி இன்னும் எடுப்பாகும். செவ்வந்திக்கும் வெங்கச்சாங்கல்லுக்கும் செம்புக் கம்பி கட்டுவது என் வேலை. கம்பி மோட்டார் வைண்டிங் கடையில் எடை போட்டுக் கொடுப்பார்கள். சட்டத்துக்கு 20 கேஜ், சுற்றிக் கட்ட 26. அந்தக் கம்பியின் மேல் வார்னிஷ் பூச்சு இருப்பதால் சுலபத்தில் கறுக்காது, ஆனால் குறடு பட்ட இடத்தில் உரிந்துவிடும். குறட்டு வாயில் தோல் துணி சுற்றிக்கொள்கிறேன். பூச்சில்லாத கம்பி என்றால் கறுத்தபின் புளிக்கரைசல் போதும். கல்லை அதில் ஊறவிடாதீர்கள், கம்பியை மட்டும். செவ்வந்திக்கல்லை ஜன்னலோரம் வெயிலில் வைக்காதீர்கள், நாளாவட்டத்தில் நிறம் வெளுக்கும்.

கொடுமணலுக்கும் போயிருக்கிறேன். பதிற்றுப்பத்து கொடுமணம் என்று சொல்லும் ஊர். நொய்யல் கரையில் 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் மணிகள் வெறும் கல்லாகவும், பாதி வேலையிலும், முடிந்தும், சில்லாகவும் கிடைத்தன. ஒரு பட்டறையின் முழு வேலையும் மண்ணுக்குள் அப்படியே. அங்கே மட்டும் ஒரு கல்லையும் தொடக் கூடாது. தரையில் கிடக்கும் சில்லுகூட யாரோ உடைத்துப் போட்டதாக இருக்கலாம்.

போட்டுக்கொண்டு போனால் எல்லோரும் கேட்பது ஒன்றே: "இது எந்த ராசிக்கு?" எனக்கு ராசி பார்க்கத் தெரியாது, பார்க்கவும் மாட்டேன். முத்துக்குப் பதிலாகச் சந்திரகாந்தம், நீலத்துக்குப் பதிலாகச் செவ்வந்தி என்று ஜோசியர் எழுதிக் கொடுத்த சீட்டோடு வருகிறவர்களைப் பட்டறை அண்ணனிடம் அனுப்பிவிடுகிறேன். அவருக்கும் பிழைப்பு இருக்கிறதே.

இப்போது கையில் இருக்கும் ஆர்டர் அந்த எருமைக்காரப் பெரியவருடையது. காங்கேயம் காளை ஒன்று வைத்திருக்கிறார். அதன் கழுத்துக் கறுப்புக் கயிற்றில் சங்குக்குப் பக்கத்தில் தன் காட்டுக் கல் ஒன்று தொங்க வேண்டுமாம், மாட்டுப் பொங்கலுக்குள். சந்திரகாந்தம் கேட்டார். அது சுலபமாகப் பிளக்கும் கல், காளை ஒரு தடவை கட்டுத்தறியில் உரசினால் போச்சு என்று சொல்லி வெங்கச்சாங்கல்லுக்குச் சம்மதிக்க வைத்தேன். கயிறு பருமனானது, துளையும் பெரிதாக வேண்டும். கிண்ணத் தண்ணீருக்குள் கல்லை வைத்து வைர முனை பிட்டால் ஒரு பக்கம் பாதி வரை போயிருக்கிறேன். இனி திருப்பிப் போட்டு மறுபக்கத்திலிருந்து வர வேண்டும்.