என் கைக்குப் பொருந்திய பிஸ்டல்

என் கணவர் மெக்ஸிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணற்று மேடையில் வேலை பார்க்கிறார். இரண்டு வாரம் கடலில், இரண்டு வாரம் வீட்டில். நாங்கள் இருப்பது டெக்ஸாஸில், ஹூஸ்டனிலிருந்து மேற்கே ஒரு மணி நேரம் தள்ளி. அவர் கடலில் இருந்த ஒரு ராத்திரி யாரோ எங்கள் பின்வாசல் கதவின் கைப்பிடியை இரண்டு தடவை திருகிப் பார்த்தார்கள். வீட்டில் நானும் ஒன்பது வயது மகளும் மட்டும். 911 அவசர எண்ணுக்குப் போன் போட்டுவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். பக்கத்தில் ஊரே இல்லாத இடம் என்பதால் போலீஸ் வண்டி வந்து சேர இருபது நிமிடத்துக்கு மேல் ஆனது. திருகியவன் அதற்குள் போய்விட்டான். அந்த இருபது நிமிடத்தை நான் இன்னும் மறக்கவில்லை. அதற்குப் பிறகுதான் துப்பாக்கி வாங்குவது என்று முடிவு செய்தோம்.

எனக்குத் துப்பாக்கி என்றால் தாத்தாவின் ஒற்றைக்குழல்தான். சிவகங்கைப் பக்கம் எங்கள் கிராமத்தில், தேர்தல் வந்தால் அதைத் துணியில் சுற்றி ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு வருவார். பிஸ்டலை நான் கையில் எடுத்துப் பார்த்ததே இங்கே வந்த பிறகுதான்.

நான் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வார்டில் பேச்செடுத்ததுமே ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ராணுவத்தில் இருந்துவிட்டு வந்த செக்யூரிட்டி ஒருவர், "கிளாக் 19 வாங்கும்மா, வேறெதையும் பார்க்காதே" என்றார். எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் முழுக்க எஃகில் செய்த பழைய 1911 மாடல் வைத்திருப்பவர். அதை என் கையில் கொடுத்தார். ஒரு கிலோவுக்கு மேல் கனம், மணிக்கட்டு இறங்கிவிட்டது. ஆனால் இவ்வளவு கனம் இருப்பதால்தான் சுடும்போது கையை அவ்வளவாக உதைக்காது என்றார். அவர் சொன்னது உண்மை என்று பிறகு தெரிந்தது. மூட்டுவலி உள்ள ஒரு மூத்த நர்ஸ், தன்னிடம் இருப்பது ஸ்மித் அண்ட் வெஸனின் ஷீல்டு ஈ.இசட். என்றும், ஸ்லைடை (தோட்டாவை உள்ளே ஏற்றப் பின்னால் இழுக்கும் மேல்பகுதி) இழுக்க அதைவிட எளிதானது கிடையாது என்றும் சொன்னார்.

அடிச்சட்டம் பாலிமரில், அதாவது கெட்டிப் பிளாஸ்டிக்கில், இருக்கட்டும் என்று முடிவானதற்குக் காரணம் கனம் மட்டுமில்லை, இந்த ஊரின் புழுக்கமும்தான். வியர்வைக் கை பட்டாலும் பிடிப்பகுதி துருப்பிடிக்காது. ஊரில் அண்ணன், "பிளாஸ்டிக் துப்பாக்கியை நம்பலாமா?" என்று கேட்டான். பிளாஸ்டிக் அடிச்சட்டம் மட்டும்தான். மேலே ஓடும் ஸ்லைடும் குழலும் எஃகு. 1970-லேயே ஹெக்லர் அண்ட் கோச் நிறுவனம் பாலிமர் சட்டத்தில் வி.பி.70 என்ற பிஸ்டலைக் கொண்டுவந்தது. 1982-ல் ஆஸ்திரிய ராணுவம் கிளாக் 17-ஐ எடுத்துக்கொண்ட பிறகு உலகமே அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. இன்று கடையில் பாதிக்கு மேல் பாலிமர்தான் கண்ணில் படுகிறது.

முதலில் போன கடையில் எனக்கு நடந்ததைச் சொல்லியாக வேண்டும். கவுண்டரில் இருந்தவர் என்னைப் பார்த்ததுமே உள்ளங்கையில் அடங்கும் ரோஸ் நிறப் பிஸ்டல் ஒன்றை எடுத்து வைத்து, "பெண்களுக்கு இதுதான் சரி" என்றார். என் கையை அளந்து பார்க்கவில்லை, எதற்கு வேண்டும் என்றும் கேட்கவில்லை. அன்று அதை வாங்கியிருந்தால் நான் துப்பாக்கியையே வெறுத்திருப்பேன். சின்னதாக இருந்தால் சுலபம் என்று நினைப்பது பெரிய தவறு. தோட்டா அதே 9 மில்லிமீட்டர்தான். துப்பாக்கியின் கனம் குறையக் குறைய உதை கூடும். ஸ்லைடு குட்டையாகவும் லேசாகவும் இருப்பதால் உள்ளே ஸ்பிரிங்கைக் கெட்டியாகப் போடுவார்கள், இழுக்கவும் சிரமம். இடுப்பில் மறைத்து எடுத்துப் போகிறவர்களுக்கு அது தேவை. என்னுடையது வீட்டில் இருக்கப் போவது.

அந்த மூத்த நர்ஸ் அக்காதான் வழி காட்டினார். வாடகைக்குப் பிஸ்டல் கொடுத்துச் சுட்டுப் பழகவிடும் ரேஞ்சுக்கு ஒரு சனிக்கிழமை என்னை அழைத்துப் போனார். நாலு பிஸ்டல், நாலு பெட்டி தோட்டா. பயிற்சியாளர் ஒரு பெண்மணி. முதல் அரை மணி நேரம் ஒரு தோட்டாவைக்கூடத் தரவில்லை. எந்தத் துப்பாக்கியையும் தோட்டா இருப்பதாகவே நினை. சுடக் கூடாத எதன் பக்கமும் குழலைத் திருப்பாதே. குறி பார்த்து முடிவெடுக்கும் வரை விரல் விசைமேல் போகக் கூடாது. குறியையும் அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதையும் தெரிந்துகொள். இந்த நாலையும் நான் திருப்பிச் சொன்ன பிறகுதான் தோட்டா அடுக்கும் மேகசினைத் தொடவே விட்டார்.

ஸ்லைடை இழுப்பதுதான் எனக்குப் பெரிய பயம். இடது கையின் இரண்டு விரலால் கிள்ளி இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. பயிற்சியாளர் என் முழங்கையை விலாவோடு ஒட்டவைத்தார். இடது உள்ளங்கை முழுவதையும் ஸ்லைடின் மேல் கவிழ்த்துப் பிடிக்கச் சொன்னார். "இழுக்காதே. வலது கையை முன்னால் தள்ளு" என்றார். குழல் குறிப்பலகைப் பக்கமே இருக்க, தள்ளினேன். சடக்கென்று திறந்தது. இத்தனை நாள் பலமில்லை என்று நினைத்தது பலத்தின் குறையே இல்லை, பிடிக்கத் தெரியாததுதான்.

அப்புறம் கையளவு. பிடியைக் கையில் வாங்கும்போது குழல் முன்கையோடு ஒரே கோட்டில் நிற்க வேண்டும். அப்படி நிற்கும்போதே ஆள்காட்டி விரலின் முதல் கணுச் சதை விசையின் நடுவில் படவேண்டும். பிடி பருமனாக இருந்தால் விரலை எட்டவைக்கக் கை தானாகத் திரும்பிக்கொள்ளும். பிறகு உதை முழுவதும் கட்டைவிரல் அடியில் இறங்கும். வீட்டுக்குப் போனபின் தோசைக்கரண்டி பிடிக்கக்கூட வலிக்கும்.

இன்னொரு சோதனையும் சொல்லிக்கொடுத்தார். காலிப் பிஸ்டலோடு கண்ணை மூடிக்கொண்டு பலகையை நோக்கிக் கையை நீட்டு, பிறகு கண்ணைத் திற. கிளாக் 19-ஐ நீட்டியபோது முன்குறி (குழல் நுனிப் பக்கம் இருக்கும் குறி) ஒவ்வொரு தடவையும் எனக்கு மேலே தூக்கியே நின்றது. அதன் பிடி சாய்ந்திருக்கும் கோணம் அப்படி. அந்தச் செக்யூரிட்டிக்கு அதுவே பழகிப் போயிருக்கிறது. துப்பாக்கியில் குறையில்லை. 15 தோட்டா, எளிய அமைப்பு, எங்கே போனாலும் உதிரிபாகம் கிடைக்கும். என் மணிக்கட்டுக்குத்தான் ஒத்துவரவில்லை. ஹெக்லர் அண்ட் கோச்சின் வி.பி.9 பிடிக்குக் கையளவுக்கு ஏற்றபடி பின்தகடும் பக்கத் தகடுகளும் மாற்றி மாற்றிப் போடலாம். பட்டுப் போல் உட்கார்ந்தது, விலைதான் எங்கள் கணக்குக்கு மேல். அக்காவின் ஈ.இசட். இழுக்க நிஜமாகவே சுலபம். ஆனால் 8 தோட்டாதான், எனக்கு இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று தோன்றியது.

நாலாவது, ஸ்மித் அண்ட் வெஸன் எம் அண்ட் பி 2.0 காம்பாக்ட். சின்ன அளவுப் பின்தகட்டைப் போட்டுக் கொடுத்தார்கள். கண்ணைத் திறந்தபோது முன்குறி பின்குறிப் பள்ளத்துக்குள் நின்றது. ஏழு கஜத்தில் சுட்ட பத்தும் ஒரு சாசர் அகலத்துக்குள் விழுந்தன. பிடியின் மேற்பரப்பு உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு. ஐம்பது தோட்டா முடிந்ததும் உள்ளங்கை சிவந்திருந்தது, ஆனால் வியர்த்த கையிலும் ஒரு இம்மி நழுவவில்லை. கழற்றிச் சுத்தம் செய்வதும் எனக்குப் பிடித்தது. கிளாக்கைக் கழற்ற விசையை அழுத்த வேண்டும். இதில் உள்ளே ஒரு சின்ன நெம்புகோலைக் கீழே தள்ளினால் போதும். தோட்டா அறை காலியா என்று பார்ப்பது எதிலும் கட்டாயம்தான். இருந்தாலும் தூக்கக் கலக்கத்தோடு நைட் ஷிஃப்ட் முடிந்து வருகிற எனக்கு, விசையைத் தொடாமலே கழற்ற முடிவது நிம்மதி.

கட்டைவிரல் சேஃப்டி, அதாவது கட்டைவிரலால் கீழே தள்ளினால்தான் சுடவிடும் பூட்டு, உள்ள வகையைத்தான் எடுத்தேன். செக்யூரிட்டிக்கு இதில் உடன்பாடில்லை. அவசரத்தில் அதைத் தள்ள மறந்துவிடுவாய் என்றார். அவர் கவலை நியாயம். அதனால் ஒவ்வொரு தடவை கையில் எடுக்கும்போதும் கட்டைவிரலைக் கீழே தள்ளியே பழகுகிறேன். குழந்தை இருக்கும் வீட்டில் ஒரு படி கூடுதலாக இருக்கட்டும்.

வாங்கும் நாளில் 4473 என்ற படிவம் நிரப்ப வேண்டும். உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா என்ற கேள்வியும், குற்றம், போதைப்பொருள் பற்றிய கேள்விகளும் அதில் உண்டு. ஒவ்வொன்றையும் நிதானமாகப் படியுங்கள், பொய் சொன்னால் அதுவே குற்றம். கிரீன் கார்டு உள்ளவர்கள் வாங்கலாம், குடியேற்றத் துறை கொடுத்த எண்ணை எழுத வேண்டும். ஹெச்-1பி விசாவில் இருப்பவர்களுக்குப் பொதுவாக அனுமதி இல்லை. வேட்டை லைசன்ஸ் போன்ற சில விலக்குகள் உண்டு, அதை வக்கீலிடம் கேட்காமல் இறங்காதீர்கள். என் டிரைவிங் லைசன்ஸில் பழைய முகவரி இருந்ததால் முதல் நாள் திரும்பி வந்தேன். மறுநாள் புது முகவரி உள்ள வண்டிப் பதிவுத் தாளையும் சேர்த்துக் காட்டியதும் ஏற்றுக்கொண்டார்கள். எஃப்.பி.ஐ. பின்னணிச் சரிபார்ப்பில் "தாமதம்" என்று பதில் வந்தது. பயந்துவிட்டேன், ஆனால் அது மறுப்பு இல்லை. இரண்டு நாளில் சரி என்று வந்துவிட்டது.

பிஸ்டல் வீட்டுக்கு வருவதற்கு முன்பே பெட்டகம் வந்துவிட்டது. கட்டில் சட்டத்தோடு போல்ட் போட்டு முடுக்கியது, நாலு பொத்தானை வரிசையாக அழுத்தினால் திறக்கும். டெக்ஸாஸ் சட்டப்படி 17 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையின் கைக்கு எட்டும்படி தோட்டா போட்ட துப்பாக்கியை விட்டுவைப்பது குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் அப்படித்தான் வைத்திருப்பேன். மகளிடம் மறைக்கவில்லை. எந்த வீட்டில் துப்பாக்கியைப் பார்த்தாலும் தொடாதே, அங்கிருந்து விலகு, பெரியவர்களிடம் சொல் என்று சொல்லி, அவள் வாயாலும் சொல்லவைத்தேன். மாதம் ஒரு தடவை நானும் அக்காவும் ரேஞ்சுக்குப் போகிறோம். கணவர் கரைக்கு வரும் வாரங்களில் அவரும் வருகிறார்.

போன வாரம் புதிதாகச் சேர்ந்த ஒரு நர்ஸ், தனியாக இருக்கும் பெண், "நீங்கள் என்ன வாங்கினீர்கள் அக்கா? அதையே வாங்கிவிடுகிறேன்" என்றாள். கையை நீட்டச் சொல்லி என் உள்ளங்கையோடு வைத்துப் பார்த்தேன். அவள் விரல்கள் என் விரலைவிட ஒரு கணு நீளம். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ரேஞ்சுக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.