தடுப்பூசி வரிசையில் ஒரு கேள்வி

காலையில் தடுப்பூசி வரிசையில் எனக்கு முன்னால் ஒரு பெண். கையில் ஒன்றரை மாதக் குழந்தை.

எடை என்ன, பால் குடிக்கிறானா, எத்தனை தடவை ஒண்ணுக்குப் போகிறான்... எல்லாமே குழந்தையைப் பற்றித்தான்.

கடைசியாக நர்ஸக்கா கேட்டார்: "நீ தூங்குறியாம்மா?"

அவ்வளவுதான். தடுப்பூசி அட்டையால் முகத்தை மூடிக்கொண்டாள். அட்டை நடுங்கியது.

"ராத்திரி முழிப்பு, வேற ஒண்ணுமில்ல" என்றார் மாமியார்.

பிரசவமான முதல் இரண்டு வாரம் அழுகை வருவது சகஜம். அதையும் தாண்டி நீண்டால் டாக்டரைப் பார்க்க வேண்டும், குணப்படுத்தலாம். (நம் வீடுகளில் இதற்குப் பெயர் 'கொழுப்பு'.)

நர்ஸக்கா அட்டையின் பின்பக்கம் 14416 என்று எழுதினார். டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண். தமிழிலேயே பேசலாம், காசில்லை.

பையோடு நின்ற கணவன் மெதுவாகக் கேட்டான்: "ஆம்பளைங்களும் பேசலாமாக்கா?"