நல்லூர்க் கச்சானும் என் கடைவாய்ப் பல்லும்

அவித்துக் காயவைத்த பனங்கிழங்கான புழுக்கொடியலைக் கடித்தபோது ‘டக்’ என்றது. ஒடியல்தான் முறிந்தது என்று நினைத்து மென்று விழுங்கிவிட்டேன். நாக்கு தடவிப் பார்த்தபோதுதான் வலது கீழ்க் கடைவாய்ப் பல்லில் ஒரு மூலையைக் காணவில்லை.

ஒரு கிழமை கழித்துத் தொடங்கியது பல்லுக்கொதி. சுடுதேத்தண்ணி ஒரு மிடறு போனால் காதுவரை இழுக்கும். கிராம்பு கேட்கவில்லை, ஐஸ் தண்ணீரை வாயில் வைத்திருந்தால்தான் கொஞ்சம் அடங்கும்.

“பிடுங்கிப்போட்டு வா, அலுவல் முடிஞ்சுது” என்றார் அப்பா. இடது பக்கம் அப்படி முடித்த அலுவல்தான். அந்த இடைவெளிக்குள் மேற்பல் இறங்கி வந்து, இப்போது அந்தப் பக்கத்தால் ஒழுங்காகச் சப்ப முடியாது. இதையும் பிடுங்கினால் எதால் சாப்பிடுவது?

டவுனில் ஒரு பல் டொக்டரிடம் போனேன். எக்ஸ்ரேயைக் காட்டி, “தம்பி, உள்நரம்புதான் பழுது. வேர் நல்லா இருக்கு, வேர்க்கால்வாய்ச் சிகிச்சை செய்து காப்பாத்தலாம்” என்றார். 2 வேர், அதற்குள் நரம்பு ஓடும் 3 கால்வாய்.

விறைப்பூசி போட்டதும் பாதி உதடு யாருடையதோ ஆகிவிட்டது. ரப்பர் விரிப்பில் ஓட்டை போட்டு அந்தப் பல்லை மட்டும் வெளியே எடுத்தார். கிணற்றுக்குக் குளோரின் போட்ட நாள் மணம். கால்வாய்களை அந்த மருந்தால்தான் கழுவுகிறார்கள். மயிரிழை போன்ற அரம் வேரின் நுனியை நெருங்க நெருங்க, பக்கத்தில் ஒரு கருவி ‘பீப் பீப்’ என்று அவசரப்பட்டது. நோவு இல்லை. வாயைத் திறந்தபடி ஒரு மணித்தியாலம் கிடந்ததுதான் தண்டனை.

உள்ளே மருந்து வைத்து, தற்காலிகமாக அடைத்து, இரண்டு கிழமையில் வரச் சொன்னார். நோவுதான் போய்விட்டதே, நான் போகவில்லை. நல்லூர்த் திருவிழா வேறு. வெளிவீதியில் நின்று கச்சான் கடலை சப்பும்போது அடைப்பு கழன்று வந்துவிட்டது.

டொக்டர் ஏசவில்லை. “திரும்பக் கழுவவேணும்” என்று மட்டும் சொன்னார். மறுபடி ஊசி, மறுபடி குளோரின் மணம். அடுத்த முறை சொன்ன நாளிலேயே போய் நின்றேன். கட்டாபெர்ச்சா என்ற, மரப்பாலில் இருந்து வரும் இளஞ்சிவப்புக் குச்சிகளால் கால்வாய்களை நிரப்பினார். குடைந்த பல் வெடித்துவிடும் என்று மேலே ஒரு தொப்பியும் போட்டார். காசு கடித்தது, உண்மைதான். ஆனால் இப்போது வலப் பக்கத்தால் நன்றாகச் சப்புகிறேன்.

புழுக்கொடியலை மட்டும் அம்மா அம்மம்மாவுக்கு இடிக்கும்போது எனக்கும் சேர்த்து இடிக்கிறார்.