படிவத்தின் பிழைச் செய்திகளைத் தமிழில் திருத்திய கதை

எங்கள் ஊர்த் தையல் பயிற்சி மையத்துக்கு ஆன்லைன் சேர்க்கைப் படிவம் ஒன்று செய்து கொடுத்தேன். பெயர், வயது, போன் எண், பின்கோடு, அவ்வளவுதான். நிரப்புவதைச் சரிபார்க்க ஸாட் (Zod) என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியின் நான்காம் பதிப்பு. முதல் நாளே, போனில் நிரப்பிக்கொண்டிருந்த ஒரு அக்கா கூப்பிட்டார். "என்னமோ சின்னதா இருக்குன்னு வருது தம்பி, எழுத்தைப் பெரிசாக்கணுமா?" போன் எண்ணுக்குக் கீழே சிவப்பில் "டூ ஸ்மால்: எக்ஸ்பெக்டட் ஸ்ட்ரிங்..." என்று ஒரு ஆங்கில வரி. அவர் ஒரு இலக்கத்தை விட்டுவிட்டார். அதைத்தான் லைப்ரரி அப்படிச் சொல்லியிருந்தது.

அன்று இரவே உட்கார்ந்தேன். ஸாடுடன் தமிழ் மொழிக்கோப்பும் சேர்ந்தே வருகிறது. அமைப்புகளை மாற்றும் கான்ஃபிக் ஃபங்ஷனில் அந்தக் கோப்பை, அதாவது தமிழ் லோகேலை, கொடுத்தால் போதும், ஒரே வரி. செய்திகள் தமிழுக்கு மாறின. பார்க்கவே சந்தோஷமாக இருந்தது. ஆனால் அவை எந்தத் தரவுக்கும் பொருந்தும்படி எழுதியவை. "தவறான உள்ளீடு" என்றால் அந்த அக்கா என்ன செய்வார்? எதைத் திருத்த வேண்டும் என்று சொல்லாத செய்தி, தமிழில் இருந்தாலும் உதவாது.

அதனால் ஒவ்வொரு கட்டத்துக்கும் நானே எழுதினேன். ஸ்கீமாவில், அதாவது எந்தக் கட்டத்தில் என்ன வரலாம் என்று விதிகளை எழுதும் இடத்தில், ஒவ்வொரு விதிக்கும் நம் செய்தியைக் கொடுக்க எரர் என்ற விருப்பம் உண்டு. பழைய பதிப்பில் இருந்த ரெக்கொயர்ட் எரர், இன்வேலிட் டைப் எரர் என்ற விருப்பங்கள் இரண்டும் இதில் இல்லை. பழைய பாடங்களைப் பார்த்து அவற்றை எழுதினால், வெறும் ஜாவாஸ்கிரிப்டில் எந்த எச்சரிக்கையும் வராது, நம் செய்தியும் வராது. எரருக்கு வாக்கியமும் கொடுக்கலாம், ஃபங்ஷனும் கொடுக்கலாம். ஃபங்ஷன் கொடுத்தால், எழுதியது என்ன என்பது இன்புட் என்ற பெயரில் கைக்கு வரும். அதன் நீளத்தை எடுத்து, "போன் எண்ணில் 10 இலக்கம் வேண்டும், 9 தான் இருக்கிறது" என்று எழுதினேன்.

காலியாக விட்ட கட்டம்தான் அதிக நேரம் பிடித்தது. மதிப்பு அன்டிஃபைன்ட் (மதிப்பே இல்லை) என்றால் "போன் எண்ணை எழுதுங்கள்" என்று காட்டச் சொல்லியிருந்தேன். அது வரவே இல்லை. காலிக் கட்டத்திலிருந்து வருவது அன்டிஃபைன்ட் அல்ல, வெற்றுச் சரம், அதாவது ஒரு எழுத்தும் இல்லாத ஸ்ட்ரிங். ஸாடுக்கு அதுவும் செல்லுபடியாகும் ஸ்ட்ரிங்தான். சரி, குறைந்தது 1 எழுத்து என்று முதல் விதி வைத்தேன். இப்போது இரண்டு செய்திகள் ஒன்றாக வந்தன, 10 இலக்க விதியும் கூடவே ஓடியதால். முதல் விதியில், தவறினால் அங்கேயே நிறுத்தச் சொல்லும் அபார்ட் என்பதை ட்ரூ ஆக்கிய பிறகுதான் ஒன்று மட்டும் நின்றது.

வயதில் இன்னொரு வகை. வந்ததைத் தானாக வேறு வகையாக மாற்றும் கோயர்ஸ் மூலம் எண்ணாக மாற்றினால் வெற்றுச் சரம் 0 ஆகிவிடும். வயதை எழுதாதவரிடம் "18 வயது நிறைந்திருக்க வேண்டும்" என்று படிவம் சொன்னது. அது பொய்யான செய்தி. கோயர்ஸை எடுத்துவிட்டு, சரிபார்ப்புக்கு முன் ஓடும் ப்ரீபிராசஸில் வெற்றுச் சரத்தை அன்டிஃபைன்ட் ஆக்கி, மற்றதை மட்டும் எண்ணாக மாற்றினேன்.

அப்புறம் பெயர். அதிகபட்சம் 30 எழுத்து என்று வைத்திருந்தேன். "மீனாட்சி" நமக்கு 4 எழுத்து, ஜாவாஸ்கிரிப்டின் லெங்த் கணக்கில் 8. கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும். நீளமான பெயரும் இனிஷியலும் உள்ளவருக்கு "30 எழுத்துக்கு மேல் போகிறது" என்று வந்தால், அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்துக் குழம்புவார். நாம் எண்ணுவதுபோல எழுத்துகளைப் பிரித்துத் தரும் ஜாவாஸ்கிரிப்டின் இன்டல் செக்மென்டரை (Intl.Segmenter) வைத்து எழுத்துகளை எண்ணி, சொந்த விதி எழுத ஸாட் தரும் ரிஃபைனில் அந்த விதியை எழுதினேன். தமிழில் படிவம் செய்பவர்கள் இதை விடவே கூடாது.

மறுநாள் அதே அக்கா வந்தார். இந்த முறையும் ஒரு இலக்கம் விட்டுப்போயிருந்தது. செய்தியை வாய்விட்டுப் படித்தார், திரையில் விரல் வைத்து ஒவ்வொரு இலக்கமாக எண்ணினார், நடுவில் விட்ட 4-ஐச் சேர்த்தார். என்னைக் கூப்பிடவில்லை.