கர்ப்பப்பை எடுத்த பிறகும் எச்பிவி பரிசோதனை யாருக்குத் தேவை?

கர்ப்பப்பையை வாயோடு சேர்த்து எடுத்தவர்களில் பெரும்பாலோருக்கு எச்பிவி (உடலுறவு வழி பரவி, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய கிருமி) பரிசோதனை இனி வேண்டியதில்லை. சிங்கப்பூரில் 30 வயதிலிருந்து 5 ஆண்டுக்கு ஒருமுறை செய்யச் சொல்வது கர்ப்பப்பை வாய் இருப்பவர்களுக்குத்தான். ஆனால் அறுவைக்கு முன்பே கர்ப்பப்பை வாயில் சின் 2 அல்லது சின் 3 எனப்படும், புற்றுக்கு முந்தைய மிதமான அல்லது தீவிர மாற்றம் இருந்ததென்றால் கதை வேறு; அவர்களுக்குப் பரிசோதனை தொடர வேண்டும். அதே கிருமி யோனியின் மேல் மூன்றிலொரு பகுதியிலும் தங்கி, வெயின் எனப்படும் புற்றுக்கு முந்தைய மாற்றத்தை உண்டாக்கும். யோனிப் புற்றுநோயில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு எச்பிவியால் வருவது. 16ஆம் வகைதான் முதலில் நிற்கிறது.

அதனால் பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போகும்போது பழைய திசுப் பரிசோதனை அறிக்கையைக் கையோடு கொண்டுபோங்கள். “கர்ப்பப்பை எடுத்தாச்சு” என்று மட்டும் சொன்னால் பரிசோதனை தேவையில்லை என்று அனுப்பிவிட வாய்ப்புண்டு. முடிவு பாசிட்டிவ் என்றால் அங்கிருந்தே பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள். அரசாங்க மருத்துவமனையில் சலுகைக் கட்டணம் அதைப் பொறுத்தது. (கணவர்மேல் சந்தேகப்பட வேண்டாம். இந்தக் கிருமி பல ஆண்டுகள் சத்தமில்லாமல் கிடக்கும்.)

அடுத்தது கால்போஸ்கோப்பி, அதாவது உருப்பெருக்கும் கருவியால் யோனிச் சுவரைப் பார்ப்பது. முந்தைய இரண்டு நாள் தாம்பத்தியம், உள்ளே கழுவுதல், யோனிக்குள் மருந்து வைப்பது எதுவும் கூடாது. மாதவிடாய் நின்றவர்களுக்கு ஒரு சிக்கல்: யோனிச் சுவர் மெலிந்து, திசுவிலுள்ள கிளைகோஜன் என்ற மாவுச்சத்து குறைந்திருப்பதால், பரிசோதனையில் தடவும் அயோடின் சாயம் சரியாகப் பிடிக்காது, நல்ல இடமும் கெட்டதுபோல் தெரியும். எனவே சில வாரம் ஈஸ்ட்ரோஜன் கிரீம் போட்டுவிட்டு வரச் சொல்வார்கள். மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால் கிரீம் தொடங்குமுன்பே சொல்லிவிடுங்கள். அயோடின் ஒவ்வாமையும் அப்படியே.

முதலில் 3 முதல் 5 சதவீத அசிட்டிக் அமிலம் தடவுவார்கள்; லேசாக எரியும். மாற்றமுள்ள இடம் வெளுக்கும். பிறகு அயோடின்: நல்ல திசு கரும்பழுப்பாகும், மாறியது மஞ்சளாகவே நிற்கும். யோனியை விரித்துப் பிடிக்கும் ஸ்பெக்குலம் கருவியின் தகடுகளே முன், பின் சுவர்களை மறைத்துவிடும் என்பதால் அதை மெல்லத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். நேரம் எடுப்பது இதற்குத்தான், அவசரப்படுத்தாதீர்கள். கர்ப்பப்பை எடுத்தபின் யோனியின் மேல்முனையைத் தைத்த தழும்பின் இரு மூலைகள்தான் அதிகம் தவறவிடப்படும் இடம். ஆய்வுக்குத் திசு கிள்ளும்போது யோனியின் மேற்பகுதியில் வலி குறைவு, கீழே கூடுதல். நாப்கின் எடுத்துப்போங்கள், பழுப்புக் கசிவு இருக்கும்.

வெயின் 1 (லேசான மாற்றம்) என்றால் பெரும்பாலும் கண்காணிப்பு மட்டும். 2, 3 என்றால் லேசர், இமிகுவிமாட் கிரீம் அல்லது வெட்டி எடுத்தல். லேசரில் எரித்த திசுவை ஆய்வுக்கு அனுப்ப முடியாது. ஆகவே புற்று ஆழமாக ஊடுருவியிருக்குமோ என்ற சந்தேகம் இருந்தாலோ தழும்புக்குள் திசு புதைந்திருந்தாலோ வெட்டி எடுப்பதே சரி. வெயின் பல இடங்களில் முளைக்கும், திரும்பவும் வரும். சிகிச்சை முடிந்து ஒரு முடிவு சரியாக வந்தாலும் மறுபரிசோதனைத் தேதியை விட்டுவிடக் கூடாது. புகைப்பவர்களுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.