புது பிக்கப்பும் மீன் தண்ணியும்

பிக்கப் எடுத்த புதுசில் பார்க்கிறவர்கள் எல்லாம் முதலில் மைலேஜ் கேட்பார்கள். செங்கோட்டைப் பக்கம் அடுத்த கேள்வி, "தொட்டிக்கு என்ன போடப் போறீங்க?" தொட்டி என்றால் சரக்கு ஏற்றும் பின்பக்கம். அது கீறாமல், துருப்பிடிக்காமல் இருக்க உள்ளே என்ன போடுவது என்பதுதான் கேள்வி. தார்ப்பாய்க் கடையிலிருந்து டீக்கடை வரை ஆளுக்கொரு யோசனை தயாராக வைத்திருக்கிறார்கள். திரும்பி வரும்போது வண்டியில் என்ன ஏறும் என்று மட்டும் ஒருத்தரும் கேட்பதில்லை. என் கணக்கில் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

எங்கள் வண்டி போவது பாவூர்சத்திரம் மார்க்கெட் காய்கறியோடு. புளியரை செக்போஸ்ட் தாண்டி, எஸ் வளைவு ஏறி, ஆரியங்காவு, தென்மலை, புனலூர் என்று இறங்கிக் கொல்லம் போய்ச் சேரும். திரும்பும்போது நீண்டகரைத் துறைமுகத்து மீன். தக்காளிப் பெட்டியும் முருங்கைக்காய்க் கட்டும் தொட்டியைக் கீறும், அவ்வளவுதான். மீன் பெட்டியிலிருந்து ஒழுகும் ஐஸ் தண்ணி உப்பும் ரத்தமுமாக இரும்பைத் தின்னும். கீறலுக்குப் பார்க்கும் வைத்தியம் துருவுக்கு ஆகாது. சில சமயம் துருவைக் கூட்டியும் விடும்.

வண்டியும் லோனும் என் பேரில். ஓட்டுவது தம்பி. அவனுக்குத் தொட்டி பார்க்க ஜோராக இருக்க வேண்டும். எனக்கு இ.எம்.ஐ. முடியும் வரைக்குமாவது அதில் ஓட்டை விழக்கூடாது.

இதற்கு முன் எங்களிடம் இருந்தது செகண்ட்ஹேண்ட் வண்டி. முன்னால் வைத்திருந்தவரே கறுப்புப் பிளாஸ்டிக் லைனர் போட்டிருந்தார். மேலே பார்த்தால் கடைசி வரை புதுசு மாதிரி பளபளவென்று இருந்தது. விற்கும்போது வந்த வியாபாரி மேல்பக்கம் பார்க்கவே இல்லை. பின்கதவை இறக்கி, லைனர் ஓரத்தை நெம்பித் தூக்கச் சொன்னார். அடியில் ஈர மணல். அதற்குள் செதில் செதிலாகக் காவித் துரு, நடுவில் கறுத்துப்போன ஒரு பச்சை மிளகாய்க் காம்பு. பிளாஸ்டிக்கின் வரிமேடு தொட்ட இடமெல்லாம் பெயிண்ட் தேய்ந்து, கோடு கோடாக வெறும் தகடு. கேபின் பக்கத்து மூலையில் ஸ்க்ரூடிரைவரால் ஒரு குத்துக் குத்தினார். அடுத்த பக்கம் வந்துவிட்டது.

"பாடி போச்சும்மா. எஞ்சினுக்குத்தான் வெல."

பிளாஸ்டிக்கைக் குறை சொல்லவில்லை. எச்.டி.பி.இ. என்கிற அந்தப் பிளாஸ்டிக் நல்ல கெட்டியான சரக்கு. செங்கல்லோ ஜல்லியோ ஏற்றுகிறவர்களுக்கு அடி தாங்கும், தொட்டி நெளியாது. ஆனால் அது இரும்போடு ஒட்டுவதில்லை, மேலே சும்மா உட்கார்ந்திருக்கும். வண்டி அதிரும்போதெல்லாம் இடையில் சிக்கிய மணல் பெயிண்டை உரசும். இறங்கிய உப்புத் தண்ணிக்கு வெயிலும் இல்லை, காற்றும் இல்லை. அதைப் பிடித்து நிறுத்த டிரில் போட்ட ஓட்டை ஒவ்வொன்றும் துருவுக்கு வாசல். போதாததற்கு, பிளாஸ்டிக் மேல் பிளாஸ்டிக் பெட்டி வழுக்கும். எஸ் வளைவில் திரும்பினால் பெட்டியெல்லாம் ஒரு பக்கமாகப் போய் மோதுகிற சத்தம் கேபின் வரை கேட்கும் என்று தம்பியே புலம்பியிருக்கிறான். அவனேதான் இப்போது ஷோரூமில் அதே லைனரைப் பார்த்து, "அக்கா, கம்பெனி ஃபிட்டிங் மாதிரி கும்முனு இருக்கு" என்றான்.

லாரி பாடி கட்டுகிறவர்களைக் கேட்டால் செக்கர் பிளேட்தான் என்பார்கள், வழுக்காமல் இருக்க மேலே புடைப்பு வைத்த தகடு. எங்கள் தொட்டி ஒன்பதடிக்கு ஐந்தரை அடி, ஏறக்குறைய 4.6 சதுர மீட்டர். 3 மில்லி இரும்புச் செக்கர் பிளேட் சதுர மீட்டருக்கு 25 கிலோ வரும். ஆக 115 கிலோ. 1,700 கிலோ ஏற்றலாம் என்று வாங்கிய வண்டியில் நாலு பெட்டித் தக்காளிக்கு மேல் தினமும் கூலியில்லாமல் சுமக்க வேண்டும். வெல்டிங் வைத்தால் அடிப்பக்கத்துப் பெயிண்ட் கருகி அங்கேயும் துரு ஆரம்பிக்கும். அலுமினியம் என்றால் எடை 40 கிலோவோடு போகும், சரிதான். ஆனால் அலுமினியமும் இரும்பும் தொட்டுக்கொண்டிருக்க நடுவில் உப்புத் தண்ணி நின்றால் அது பாட்டரி வேலை செய்யும், அலுமினியம் பொடிப்பொடியாக அரித்துப் போகும். காய்கறி மட்டும் ஓட்டுகிறவர்கள் தாராளமாகப் போடலாம். மீனுக்கு வேண்டாம்.

பழைய கன்வேயர் பெல்ட் என்றும் ஒருத்தர் சொன்னார். குவாரியிலும் சிமெண்ட் ஆலையிலும் கழித்துப் போடுவது, விலை சல்லிசு. ரப்பருக்கு நடுவே துணி அடுக்கு இருக்கும். வெட்டிய ஓரத்தில் அந்தத் துணி தண்ணியை உறிஞ்சிக்கொள்ளும். மீன் தண்ணியை உறிஞ்சிய துணி நாலு நாள் கழித்து எப்படி நாறும் என்று எழுத வேண்டியதில்லை.

மிச்சம் ஸ்ப்ரே கோட்டிங். இதில் இரண்டு வகை. லைன்-எக்ஸ், ரைனோ லைனிங்ஸ் மாதிரி வெளிநாட்டுப் பேர்கள் இருக்கிறதே, அங்கெல்லாம் பெரிய மெஷின் வைத்து, இரண்டு திரவத்தையும் சூடாக்கி, துப்பாக்கி முனையில் கலந்து அடிப்பார்கள். அதில் பாலியூரியா என்கிற வகை என்றால் சில நொடியில் இறுகிவிடும். இன்னொன்று ராப்டர் மாதிரி பாட்டிலில் வருவது. மூன்று பங்குக்கு ஒரு பங்கு, இறுக வைக்கும் ஹார்ட்னர் ஊற்றிக் குலுக்கி, சாதாரண கம்ப்ரசரில் அடிக்கலாம். நம்ம ஊர் பெயிண்டிங் பட்டறைக்கு இதுதான் தோது. எதுவானாலும் தகட்டோடு ஒட்டிக்கொள்ளும். அடியில் தண்ணி போக இடமே இல்லை. நான் தேடியது அதைத்தான்.

ஆனால் ஒட்டுவது கோட்டிங்கின் கையில் இல்லை, அடிப்பதற்கு முன் செய்கிற வேலையில் இருக்கிறது. புது வண்டியின் பளபளப்புப் பெயிண்டின் மேலேயே அடித்தால் தோலாக உரிந்து வந்துவிடும். கிரீஸ் போகக் கழுவி, உப்புத்தாள் போட்டு, பளபளப்பு முழுக்கச் செத்து மங்கலாகும் வரை தேய்க்க வேண்டும். வரிமேட்டின் மூலைகளில் கைவிரலால்தான் தேய்க்க முடியும், மெஷின் போகாது. அங்கேதான் பட்டறைக்காரர்கள் ஏமாற்றுவார்கள். நான் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். கொக்கிகளைக் கழற்றி, தண்ணி போகும் ஓட்டைகளை டேப் ஒட்டி மறைத்த பிறகுதான் துப்பாக்கியைக் கையில் எடுக்க விட்டேன்.

தேதி குறிப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவிலிருந்து ஜூலை 31 வரை 52 நாள் டிராலிங் தடை, விசைப்படகுகள் இழுவலை போடக்கூடாது. வள்ளத்து மீன் கொஞ்சம் வரும், அது எங்கள் வரை எட்டாது. வண்டியை ஒரு வாரம் சும்மா போட வேண்டுமானால் அப்போதுதான் முடியும். ஆனால் குற்றாலத்தில் சீசனும் அப்போதுதான். கணவாய் வழியாகக் காற்று சாரலை அள்ளிக்கொண்டு வந்து செங்கோட்டை முழுக்கத் தெளிக்கும்.

தென்காசி பெயிண்டர் அண்ணாச்சி வானத்தைப் பார்த்தார். "யம்மா, சாரல் நிக்கட்டும். இப்ப அடிச்சா பொங்கிரும்."

"சாரல் நின்னா மீன் வந்துரும் அண்ணாச்சி. அப்ப வண்டி நிக்காது."

"அப்ப கெழக்க கொண்டு போங்க. நான் அடிச்சா பழி எம்மேலதான வரும்."

அவர் சொன்னது சரி. அந்த ஹார்ட்னரில் இருப்பது ஐசோசயனேட். தண்ணியைக் கண்டால் அதோடு சேர்ந்து கரியமில வாயு விடும். ஈரக் காற்றில் அடித்தால் கோட்டிங்குக்குள் குமிழ் குமிழாக நின்றுவிடும், ஒவ்வொரு குமிழும் பிறகு ஒரு ஓட்டை. அதே ஐசோசயனேட் மூச்சில் போனால் ஆஸ்துமா வரும் என்பதையும் சொல்ல வேண்டும். மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிக்கிற பட்டறையில் வண்டியை விடாதீர்கள். நமக்காக இல்லாவிட்டாலும் அந்தப் பையனுக்காக.

சங்கரன்கோவில் பக்கம் போனோம். சாரல் அங்கே எட்டாது, ஆனால் காற்று எட்டும். ஆனி ஆடியில் அங்கே அடிக்கிற காற்றுக்கு, திறந்த கொட்டகையில் அடித்த கோட்டிங் மேல் பாதி செம்மண்தான் இருக்கும். அடைத்த ஷெட் உள்ள ஒரு பட்டறை கிடைத்தது. அந்த அண்ணாச்சி ஏற்கெனவே அடித்து வைத்திருந்த ஒரு தகட்டைக் கையில் கொடுத்தார். இரண்டாக மடக்கினேன், மடிப்பில் விரிசல் விடவில்லை. ஓரத்தை நகத்தால் கிளப்பிப் பார்த்தேன், நகம்தான் உடைந்தது. இரண்டு கோட், நடுவே ஒரு மணி நேரம் காயவிட்டு. செலவு இரண்டு மாத இ.எம்.ஐ.க்குக் கொஞ்சம் குறைவு. வெயிலில் நாளாக ஆகக் கறுப்பு வெளுக்கும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். வெளுக்கட்டும், தொட்டியை யாரும் பெண் பார்க்க வரப்போவதில்லை.

அதன் மேல் பெட்டி இழுத்து இழுத்துத் தேயாமல் இருக்க ஒரு ரப்பர் மேட். அது புனலூரில் கிடைத்தது. ரப்பர் விளைகிற சீமை, மாட்டுக் கொட்டிலில் விரிக்கும் மேட் அங்கே சாதாரணமாகக் கடையில் நிற்கும். அளவு சொன்னதும் கடைக்காரர், "எத்ர பசு உண்டு சேச்சி?" என்றார். பசு இல்லை, மத்தி என்றேன். சிரித்துக்கொண்டே அடிப்பக்கம் பள்ளம் விட்ட மேட்டாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தார். அந்தப் பள்ளம் கேபினிலிருந்து பின்கதவு நோக்கி ஓடுகிற மாதிரி போட்டால் தண்ணி தேங்காது. குறுக்கே போட்டால் நாமே பாத்தி கட்டி வைத்த கணக்கு.

"செக்கர் பிளேட்டுக்குக் கிலோ கணக்குப் பார்த்த அக்காவா இது" என்று தம்பி ஆரம்பித்தான். அதற்காகத்தான் கனத்த மேட்டை விட்டுவிட்டு 10 மில்லியில் எடுத்தேன், மொத்தம் 50 கிலோ பக்கம். இரண்டு துண்டாக வெட்டியிருப்பதால் ஒரு ஆளே தூக்கலாம், வேண்டாத நாளில் வீட்டில் போட்டுவிட்டும் போகலாம். செக்கர் பிளேட்டை அப்படிக் கழற்ற முடியாது.

தண்ணி ஓட்டை நாலுக்கும் ஓஸ் மாட்டி, அடியில் ஒரு கேனில் விழுகிற மாதிரி விட்டிருக்கிறோம். மீன் தண்ணியை ரோட்டில் ஒழுக விட்டால் கேரளத்தில் நிறுத்தி அபராதம் போடுவார்கள். பின்னால் பைக்கில் வருகிறவர் திட்டுவது தனி.

மேட் இருக்கும் தொட்டியில் ஒரே ஒரு கண்டிஷன்: அதைத் தூக்கி அடியில் நல்ல தண்ணி விட்டுக் கழுவ வேண்டும். மீன் இறக்கிய அன்றைக்கே. அதற்குத் தனியாகப் பேட்டா வேண்டும் என்று தம்பி கேட்கிறான். தரலாம் என்றுதான் இருக்கிறேன். மேட்டைத் தூக்கின போட்டோ வாட்ஸ்அப்பில் வந்தால் மட்டும்.