காசர்கோட்டில் தாய்ப்பத்திரம் தேடியபோது

என் மனைவி வீட்டார் துளு பேசுகிறவர்கள். கும்பளைக்குப் பக்கத்தில் அவர்களுக்கு ஒரு கமுகுத் தோப்பு. அதை வைத்துக் கடன் கேட்டபோது, வங்கி வக்கீல் தாய்ப்பத்திரம், அதாவது நிலம் முதலில் எப்படிக் கைக்கு வந்தது என்று காட்டும் பழைய பத்திரம், வேண்டும் என்றார். எங்களிடம் இருந்ததோ 1980களின் பாகப்பத்திரம். அதில் பழைய பத்திரம் ஒன்றைப் பற்றி அரை வரி இருந்தது, எண் அழிந்துபோய்.

காசர்கோடு மாவட்டமானது 1984இல்தான். கேரளத்தோடு சேர்வதற்கு முன், 1956 நவம்பர் 1 வரை, அது சென்னை அரசின் கீழிருந்த தென் கன்னட மாவட்டத்தில் ஒரு தாலுகா; கலெக்டர் மங்களூரில் இருந்தார். துளு, மலையாளம், கொங்கணி, பியாரி, மராத்தி, உருது என்று வீட்டுக்கு ஒரு மொழி பேசினாலும், பழைய பத்திரங்களைப் பெரும்பாலும் கன்னடத்தில்தான் எழுதினார்கள். எனவே முதல் வேலை, பழைய கன்னடக் கையெழுத்தை வாசிக்கத் தெரிந்த பத்திர எழுத்தரைப் பிடிப்பது. எங்களுக்குக் கிடைத்தவர் வயதானவர், கறாரானவர்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் எண் தெரியாவிட்டால் பெயர் அட்டவணையில் வருடம் வருடமாகத் தேட வேண்டும். எழுத்தர் கேட்ட முதல் கேள்வி, "அந்தக் காலத்தில் குடும்பத்துக்கு மூத்த பெண் யார்?" அளியசந்தான முறையில் சொத்து பெண்வழி இறங்கும். கொள்ளுப்பாட்டனார் பெயரில் தேடியிருந்தால் ஆயுசுக்கும் கிடைத்திருக்காது. கொள்ளுப்பாட்டியின் தாயார் பெயரில் 1930களில் அகப்பட்டது. நகலுக்கு மனு போட்டோம். மறு அளவையில் சர்வே எண் மாறியிருந்ததால், பழைய எண்ணுக்கு இப்போதைய எண் எது என்பதை வில்லேஜ் ஆபீஸில் உறுதிசெய்ய வேண்டியிருந்தது.

நகல் வந்ததும் இன்னொரு முடிச்சு. அது கிரயப் பத்திரமே இல்லை. மூலகேணி, அதாவது நிரந்தரக் குத்தகை. ஆண்டுக்கு இத்தனை முடி (வைக்கோலில் கட்டிய மூட்டை) அரிசி நிலவுடைமைக்காரருக்கு அளக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. அப்படியானால் நிலம் நம்முடையதா? மாமியார் முகம் வாடிவிட்டது.

எழுத்தர் அசரவில்லை. கேரள நிலச்சீர்திருத்தச் சட்டப்படி 1970 ஜனவரி 1 முதல் இப்படிப்பட்ட குத்தகை நிலங்களில் உடைமையாளரின் உரிமை அரசுக்குப் போய்விட்டது. குத்தகைக்காரர் விண்ணப்பித்து லேண்ட் டிரிபியூனலில் (நிலத் தீர்ப்பாயத்தில்) பட்டயம், அதாவது நிலம் தன்னுடையது என்பதற்கான சான்றிதழ், வாங்கியிருப்பார். "தேட வேண்டியது அதைத்தான்" என்றார். அவர் சொன்ன பிறகு மாமியாருக்கு ஞாபகம் வந்தது, இரும்புப் பெட்டியில் மலையாளத்தில் ஒரு காகிதம் இருக்கிறதென்று. அதேதான். அப்புறம் வக்கீலுக்கு மூன்றையும் அடுக்கிக் கொடுத்தோம்: மலையாள மொழிபெயர்ப்போடு மூலகேணி நகல், பட்டயம், பாகப்பத்திரம்.

இந்தப் பக்கத்துச் சொத்துக்குக் காகிதம் தேடுகிறவர்கள் முதலில் பட்டயம் இருக்கிறதா என்று பாருங்கள். பட்டயம்தான் உரிமைக்கு ஆதாரம். கன்னடப் பத்திரம் தேவைப்படுவது, நிலம் எப்படிக் கைக்கு வந்தது என்று காட்டத்தான். மொழிபெயர்ப்புக் கூலியை மட்டும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.